வாயில் முரசு

முரசு என்னுஞ் சொல் ஈழத்துத் தமிழராகிய நமக்கு இரு பொருள் தருவது. ஒன்று, அரசர் வாயிலில் முழங்கிய வாத்தியம். மற்றொன்று, பல்லைப் பற்றி நிற்குந் தசை. இதனைத் தமிழகத்தார் ஈறு என்பர். நாம் முரசு என்போம். “முரசு கரைகிறது” என்பது நம்மூர்க் கிழவர் நாவிற் பழகிய தொடர். இவ்விரண்டும் ஒரு சொல்லோ, உருவொத்த இரு சொற்களோ என்று ஆராய்வது ஈண்டு நோக்கமன்று. வாயிலில் இருந்த முரசு பகை வருவதை ஊருக்கு அறிவித்தது. வாயில் இருக்கும் முரசும் அத்தொழிலையே செய்கின்றது. அதன் ஒலியைக் கேட்பார் இல்லை என்பதே என் குறை.

யான் நீரிழிவுடையேன். சீனி வருத்தம் என்னோடு குடிபுகுந்து பதினோராண்டாயிற்று. குறித்த நாளிற் சென்று இரத்தங் கொடுப்பேன். மாத்திரை வாங்கி வருவேன். கண்ணைப் பார்த்தார்கள், பாதத்தைத் தொட்டுப் பார்த்தார்கள், சிறுநீரகத்தின் நிலையறியச் சிறுநீரைப் பார்த்தார்கள். வாயைத் திற என்று ஒருவரேனுஞ் சொன்னாரல்லர். பல் துலக்கும்போது குருதி கசிந்தது. வலி இல்லை. வலியில்லாதது நோயன்று என்று யானும் இருந்துவிட்டேன். பல் ஆட்டங் கண்டபின் பல் வைத்தியரிடஞ் சென்றேன். “சலரோகம் உண்டோ?” என்று அவர் வினவியது மெய்யே. ஆயின், பல்லைப் பிடுங்கினாற் புண் ஆறுமோ என்பதற்காக வினவினாரேயன்றி, பல் ஏன் ஆட்டங் கண்டது என்பதற்காக வினவினாரல்லர். மேல்வாய் முன்பல் இரண்டு போயின.

அடுத்த கிழமை வகுப்பிற் பிறப்பியல் பாடம். தகரமும் நகரமும் மேற்பல்லின் அடியை நாநுனி பொருந்தப் பிறப்பன. வகரம் மேற்பல்லும் இதழும் இயையப் பிறப்பது. இவற்றை ஒலித்துக் காட்டல் வேண்டும். ஒலித்தேன். தகரம் காற்றாய்ப் போயிற்று. மாணாக்கர் மரியாதையுடையர், சிரிப்பை அடக்கிக் கொண்டனர். ஒருவன் மாத்திரம் எழுந்து, “ஐயா, எழுத்துப் பிறப்பது பல்லிலா, உந்தியிலா?” என்றான். “உந்தியில் எழுந்த வளி தலை, மிடறு, நெஞ்சு என்னும் இடங்களில் நின்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்பனவற்றின் தொழிலால் வேறுவேறு எழுத்தாகின்றது. ஆகவே, எழுத்துப் பிறப்பது உடம்பு முழுவதிலுந்தான்” என்றேன். சொல்லி முடிந்ததும் என் சொல்லே எனக்கு உறைத்தது. ஓரெழுத்துப் பிறத்தற்கு உடம்பு முழுவதும் வேண்டும் என்று இலக்கணம் கற்பிக்கும் யான், வாய்நோய் வாயோடு நின்றுவிடும் என்று எங்ஙனம் நம்பினேன்?

அன்று தொடங்கி இது பற்றித் தேடிப் படித்தேன். என் துணிபு இது: நீரிழிவை ஓரறையிலும் வாயை வேறோர் அறையிலும் வைத்துப் பார்க்கும் வழக்கம் இன்றைய அறிவுக்கு ஒவ்வாதது, அது கைவிடப்படல் வேண்டும். காரணங்களைக் கூறுவேன்.

முரசு நோயை ஆராய்ந்தோருள் தலையாயவர் நோர்வே நாட்டவராகிய ஹரல்ட் லோ. இவர் 1965 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு மிக எளியது. டென்மார்க்கில் நல்ல வாயுடைய பன்னிருவரைப் பல் துலக்காதிருக்கச் செய்தார். மூன்று கிழமைக்குள் பன்னிருவர்க்கும் முரசு சிவந்து வீங்கிற்று. மீளத் துலக்கத் தொடங்கியதும் ஏறத்தாழ ஒரு கிழமையில் மாறிற்று. பல்லிற் படியும் நுண்ணுயிர்ப் படலமே முரசழற்சிக்குக் காரணம் என்பதும், தொடக்கத்தில் அது மீளத்தக்கது என்பதும் இதனாற் பெறப்பட்டன. மீளாதது அடுத்த நிலை. அழற்சி கீழிறங்கிப் பல்லைத் தாங்கும் என்பைத் தின்னுமாயின், போன என்பு தானாக வளர்வதில்லை. அதுவே நம்மவர் முரசு கரைதல் என்பது.

இவ்வறிஞருக்கும் நம் நாட்டுக்கும் ஒரு தொடர்புண்டு. 1970 ஆம் ஆண்டில் இவரும் இவர் குழுவினரும் மலையகத்துத் தேயிலைத் தோட்டங்கள் இரண்டில் 480 ஆண் தொழிலாளரின் வாயைப் பரிசோதித்தனர். 1985 வரை மீண்டும் மீண்டும் வந்து அவர்களையே பார்த்தனர். பல் வைத்தியமும் பல் துலக்கும் வழக்கமும் இல்லாதவிடத்து முரசு நோய் எங்ஙனம் நடக்கும் என்பதே அவர்கள் அறிய விரும்பியது. நூற்றுக்கு 8 பேருக்கு நோய் விரைந்து சென்றது. 81 பேருக்கு நடுத்தரமாய்ச் சென்றது. 11 பேருக்கு முரசழற்சிக்கு மேற் செல்லவேயில்லை. இவர்களோடு ஒப்பிடுதற்கு எடுக்கப்பட்டோர் ஒஸ்லோ நகரத்து மாணவரும் கல்விமான்களும். உலகெங்கும் பல் மருத்துவம் பயில்வோர் இன்றும் படிக்கும் ஆய்வு இது. நம் தோட்டத் தொழிலாளர் பல்லிழந்து உலகுக்கு அளித்த அறிவு அது என்பதை நம்முள் எத்துணைப் பேர் அறிவோம்? கொடுத்தவர் அறியாத கொடை அது. அதன் பயன் அவர்தம் பேரப்பிள்ளைகளின் வாய்க்கு வந்து சேர்ந்ததா என்பது நாம் நம்மையே வினவ வேண்டிய வினா.

இந்த ஆய்வு நீரிழிவைப் பற்றியதன்று. ஆயின் இதிலிருந்து ஒரு வினா எழுகின்றது. ஒரே அழுக்கு, ஒரே கவனிப்பின்மை. எனினும் ஒருவன் பல் விழுகிறது, மற்றொருவன் பல் நிற்கிறது. வேறுபாடு எங்கேயுளது? நுண்ணுயிரில் மாத்திரமன்று, அதனை எதிர்க்கும் உடம்பிலும் உளது. அவ்வுடம்பின் எதிர்ப்பைக் கெடுப்பனவற்றுள் நீரிழிவு முதல் வரிசையில் நிற்பது. லோ அவர்களே 1993 ஆம் ஆண்டில், முரசு நோயை நீரிழிவின் ஆறாவது சிக்கலாக வைத்து எண்ண வேண்டும் என்று எழுதினார். கண், சிறுநீரகம், நரம்பு, பெருங் குருதிக்கலன், ஆறாப் புண் என்பன முன்னைய ஐந்து. ஐந்தையும் பார்க்கின்றோம், ஆறாவதைப் பார்ப்பதில்லை.

இனி, இவ்விரண்டையும் இணைக்குங் கயிறு யாது என்பது. அது குருதியில் உளது.

நுண்ணுயிர் முரசிற் புகுந்ததும் அதனைக் கொல்ல முதலில் ஓடிவருவது ஒருவகை வெண்குழியம். அதற்கு நடுநிலைநாடி என்று நம் விஞ்ஞான நூலார் பெயரிட்டனர். அமிலச்சாயம், காரச்சாயம் என்னும் இரண்டினுள் ஒன்றின் பக்கஞ் சாராது நடுநிலைச் சாயத்தை ஏற்பதனால் வந்த பெயர் அது. இக்குழியம் நுண்ணுயிரை விழுங்கி, ஒட்சிசனையே படைக்கலமாக்கிக் கொல்லும். ஓர் இலத்திரனை மிகையாகப் பெற்ற ஒட்சிசன், அதிலிருந்து ஐதரசன் பேரொட்சைட்டு, பின்னர்க் கிணற்றுக்குக் குளோரீன் இடும்போது நீரில் உண்டாகும் அதே அமிலம் ஆகியவற்றைத் தன்னுள்ளே ஆக்கிப் பகைமேல் வீசும். அளவோடு வீசினால் அது காவல். அளவு கடந்து வீசினால் முரசின் நாரும் என்புங் கூட அழியும். குருதியிற் சீனி மிகுந்தபோது நேர்வது பின்னையது. நீரிழிவுடையோரின் இக்குழியங்கள் பகை வருமுன்னரே சினந்து நிற்பன. சிறு தூண்டலுக்கும் பெருந்தொகையான ஒட்சியேற்றப் பொருளைக் கக்குவன. ஆயின் நேரிய வழியில் நடந்து பகையைச் சென்றடைதலிலும் விழுங்குதலிலும் தளர்வன. வீரமின்றி வெகுளி மாத்திரம் மிகுந்த படை எனலாம். நடுநிலைநாடி என்னும் பெயருடையது நடுவுநிலைமை தவறுகின்றது.

ஒட்சியேற்றம் என்பதை விளக்க வேண்டுவதில்லை. இரும்பு துருப்பிடித்தல் அதுவே. உடம்பில் ஒட்சியேற்றும் பொருள் ஒருபாலும், அதனை அடக்கும் பொருள் மற்றொருபாலும் துலாக்கோல் போல நிற்பன. முன்னையது தாழ்ந்து பின்னையது உயர்ந்த நிலையை ஒட்சியேற்றத் தகைப்பு என்பர்.

செங்குழியத்தின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. ஒட்சிசனைச் சுமப்பது அதன் தொழில்; சுமப்பதற்கு அது வைத்திருப்பதோ இரும்பு. துருவுக்கு வேண்டிய இரண்டும் அதனுள்ளேயே இருத்தலின், தற்காப்புக்கென நொதியங்கள் சிலவற்றை அது நிறைய வைத்திருக்கின்றது. ஓரிலத்திரன் மிகைப்பட்ட ஒட்சிசனை அடக்கும் நொதியத்தை மக்கோட், பிரிடோவிச் என்னும் இருவர் 1969 ஆம் ஆண்டில் அமெரிக்காவிற் கண்டறிந்ததும் மாட்டின் செங்குழியத்திலிருந்தே. ஆயின் செங்குழியத்துக்குக் கரு இல்லை. பிறக்கும்போது பெற்ற நொதியத்தைக் கொண்டே ஏறத்தாழ 120 நாளுஞ் சீவிக்க வேண்டும். கெட்டதற்குப் பதிலாய்ப் புதியது ஆக்கிக்கொள்ள இயலாது. கூலி ஒருமுறை பெற்று நான்கு திங்கள் சீவிப்பவன் நிலை அது.

சீனி மிகுந்த குருதியில் அக்குழியம் மிதக்கும்போது நிகழ்வது யாது? சீனி அதன் நிறப்பொருளாகிய ஈமோகுளோபினிற் சென்று ஒட்டுகின்றது. தெகிரானில் சாமுவேல் ரக்பார் 1968 இல் நீரிழிவாளரிடத்துக் கண்டது இதனையே. கடந்த இரண்டு மூன்று திங்களின் சீனியளவை அறிய இன்று நமக்குச் செய்யும் இரத்தப் பரிசோதனை இதன் வழி வந்தது. சீனி அத்தோடு நில்லாது காவல் நொதியத்தையும் பற்றி அதன் வலியைக் குறைக்கின்றது. அப்பொழுது குழியத்தின் மென்படலத்துக் கொழுப்பு ஒட்சியேற்றமடைகின்றது. குழியம் நெகிழ்வு குன்றி விறைக்கின்றது. தன்னினும் ஒடுங்கிய நுண்கலன்களினூடு வளைந்து செல்ல இடர்ப்படுகின்றது. முரசோ நுண்கலன் செறிந்த இடம். நீரிழிவும் முரசு நோயும் ஒருங்கேயுடையோரின் குருதியில் ஒட்சியேற்றத்தின் அடையாளங்கள் மிகுந்திருத்தலை ஆய்வுகள் பல காட்டியுள்ளன. காவல் நொதியங்களைப் பற்றிய முடிவுகள் எல்லா ஆய்விலும் ஒருபடித்தாய் இல்லை என்பதையும் ஒளியாது கூறல் வேண்டும்.

இதுவரை கூறியது நீரிழிவு முரசைக் கெடுக்கும் வகை. முரசு நீரிழிவைக் கெடுக்கும் வகையும் உண்டு. வாய் முழுவதும் முரசு நோய் பரவிய ஒருவருக்குப் பல்லைச் சுற்றியுள்ள புண் எல்லாவற்றையும் விரித்து வைத்தால் 8 முதல் 20 சதுர சென்ரிமீற்றர் வரை ஆகும் என்று கணக்கிட்டுள்ளனர். அத்தனை பெரிய புண் காலில் இருந்தால் நாம் ஒருநாள் பொறுப்போமா? வாயில் இருத்தலாற் பதினைந்தாண்டு பொறுக்கின்றோம். அப்புண்ணிலிருந்து அழற்சிப் பொருள்கள் இடையறாது குருதியிற் கலந்து, இன்சுலினுக்கு உடம்பு செவிசாயாதபடி செய்கின்றன. சீனி ஏறுகின்றது. ஏறிய சீனி மீண்டும் வெண்குழியத்தைச் சினமூட்டுகின்றது. செக்கிற் கட்டிய மாடு போல நோயாளி இச்சுற்றினுட் சுழல்கின்றார்.

சான்று உண்டோ என்பார்க்குச் சில கூறுவேன். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்துப் பீமா குலத்தவரிடையே நீரிழிவு மிகுதி. ஆதலின் அவர்கள் பல்லாண்டாக ஆராயப்பட்டனர். நீரிழிவுடையராய் 35 வயதும் அதற்கு மேலுமான 628 பேரைத் தொடர்ந்து கவனித்து 2005 இல் வெளியிட்ட ஆய்வில், முரசு நோய் முற்றியோர் இதயத்தாலோ சிறுநீரகத்தாலோ இறக்கும் ஆபத்து ஏனையோரினும் 3.2 மடங்காயிருந்தது. முரசுக்கு மருத்துவஞ் செய்தாற் சீனி குறையுமா என்பதில் முதலிற் கருத்து வேறுபாடு இருந்தது. 2013 இல் அமெரிக்காவில் 514 பேரிடத்துச் செய்த சோதனை, ஆறு திங்களிற் பயனில்லை என்றது. அங்கு முரசு நோயே சரிவர மாறவில்லை என்று மறுத்தோர் உளர். 2018 இல் இலண்டனிலிருந்து வெளிவந்த ஆய்வு, 264 பேரிடத்தே முரசு மருத்துவத்தைத் தீவிரமாகச் செய்து, ஓராண்டு முடிவில் சீனியொட்டிய ஈமோகுளோபின் 0.6 சதவீதப் புள்ளி குறைந்திருக்கக் கண்டது. 2022 இல் 35 சோதனைகளை ஒருங்கு நிறுத்துப் பார்த்தோர், மூன்று நான்கு திங்களில் ஏறத்தாழ 0.4 குறைகின்றது என்று முடிபு கூறினர். இது மேலும் ஒரு மாத்திரை சேர்த்தாற் கிடைக்கும் பயனுக்கு அணித்தானது. அவ்வாண்டிலேயே பிரித்தானிய மருத்துவ வழிகாட்டி நூல்கள் நீரிழிவாளர்க்கு முரசு பற்றி எடுத்துரைக்குமாறும் பல் பரிசோதனைக்குத் தூண்டுமாறும் திருத்தப்பட்டன.

இது நிற்க. எதிர்மொழி கூறுவார் மூவர் உளர்.

“முதுமையிற் பல் விழுதல் இயற்கை” என்பார் ஒருவர். அற்றன்று. முன்னர்க் கூறிய தோட்டத்து ஆய்விலே ஒன்றும் செய்யாத 11 பேரின் முரசு நிலைத்து நின்றதே. முதுமை ஒன்றே காரணமாயின் ஒரே வயதினர் எல்லார்க்கும் ஒருங்கே விழுதல் வேண்டும்.

“ஆலும் வேலும் இருக்கக் குறையென்ன? நம் முன்னோர் வாய் கழுவாது உண்டாரல்லர்” என்பார் இன்னொருவர். மெய், குச்சியால் ஆறுதலாகத் தேய்த்த அந்த ஒழுக்கத்தை யானும் போற்றுகின்றேன். ஆயின் அம்முன்னோரே வெற்றிலையும் பாக்கும் புகையிலையும் இட்டுச் சுருட்டும் பற்றினர். புகைப்பவர் முரசு குருதி கசிவது குறைவு. நோய் குறைந்ததனாலன்று, நஞ்சு நுண்கலனைச் சுருக்குதலால். பகைவன் வாயிலில் நிற்கையில் முரசின் தோலை நனைத்து வைத்தலை ஒக்கும் அது. முன்னோரிடத்துக் கொள்ளத்தக்கதைக் கொண்டு தள்ளத்தக்கதைத் தள்ளுவோம்.

மூன்றாமவர் மருந்து விற்பவர். “ஒட்சியேற்றமே காரணமாயின், அதனை எதிர்க்கும் மாத்திரையும் தைலமும் எம்மிடம் உள” என்பார். அவரிடத்தே விழிப்பாயிருத்தல் வேண்டும். பின்லாந்தில் 29,133 புகைப்போரிடத்தே செய்த சோதனையின் முடிவு 1994 இல் வெளிவந்தது. ஒட்சியேற்றத்தை எதிர்ப்பதென்று கருதிக் கொடுக்கப்பட்ட பீட்டா கரோட்டீன் மாத்திரை நுரையீரற் புற்றுநோயைக் குறைக்கவில்லை. 18 சதவீதங் கூட்டிற்று. உடம்பின் துலாக்கோலைப் புறத்தேயிருந்து கைவைத்துச் சமன் செய்தல் எளிதன்று. நெருப்பு எரியும்போது புகையை விசிறுவதிற் பயனென்ன? விறகை எடுத்தல் வேண்டும். இங்கு விறகு இரண்டு: மிகுந்த சீனி ஒன்று, பல்லிடுக்கிற் படிந்த நுண்ணுயிர் ஒன்று.

ஆகவே, செய்யத்தக்கன யாவை? பெரும்பொருட் செலவு வேண்டுவதில்லை. நீரிழிவுச் சிகிச்சை நாளில், பாதத்தைப் பார்க்கும் தாதியோ வைத்தியரோ மூன்று வினா வினவினாற் போதும்: துலக்கும்போது குருதி கசிகின்றதா? பல் ஆடுகின்றதா? கடைசியாகப் பல் வைத்தியரைக் கண்டது எப்பொழுது? ஆம் என்பாரைப் பல் வைத்தியரிடம் அனுப்புதல் வேண்டும். அவ்வாறே, முரசு கரைந்து வருவோரைக் காணும் பல் வைத்தியர், தம் சீனியை அறியாதவரை இரத்தம் பார்க்க அனுப்புதல் வேண்டும். நீரிழிவு இருப்பதையே அறியாது பல்லை மாத்திரம் இழந்துகொண்டிருப்போர் அவருட் சிலராதல் கூடும். ஒருவர் எழுதிய துண்டு மற்றவர் மேசைக்குச் செல்லுமாறு ஒரு வழி வேண்டும். தோட்டப்புறங்களில் இது முதலில் நடைபெறல் வேண்டும். அவர்கட்கு உலகம் கடன்பட்டிருக்கின்றது.

ஆசிரியராகிய நமக்கும் பங்குண்டு. விஞ்ஞான ஆசிரியர் ஒட்சியேற்றத்தை இரும்பாணியிற் காட்டுகின்றார். சுகாதார ஆசிரியர் பல் துலக்குதலைப் படத்திற் காட்டுகின்றார். தமிழாசிரியர் பல்லெழுத்தை வாயிற் காட்டுகின்றார். மூவரும் ஒரே வாயைப் பற்றிப் பேசுகின்றனர் என்பதை மாணாக்கனுக்குச் சொல்வார் இல்லை. அறிவை அறையறையாகத் தடுத்து வைத்த குற்றம் வைத்தியசாலைக்கு மாத்திரம் உரியதன்று, பாடசாலைக்கும் உரியது. அங்கே தடுத்ததன் விளைவு என் வாயில் இரு பல் போனமை. இங்கே தடுத்ததன் விளைவு யான் அதனைப் பதினோராண்டு அறியாதிருந்தமை.

இப்பொழுது என் முரசுக்கு மருத்துவம் நடைபெறுகின்றது. பொய்ப்பல் இரண்டு பொருத்தியாயிற்று. தகரம் ஓரளவு திரும்பிற்று. குருதி கசிவது நின்றது. சீனியுஞ் சிறிது இறங்கியிருக்கின்றது. நடையும் உணவுக் கட்டுப்பாடுங் கூடச் சேர்ந்தமையின் எதனால் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல மாட்டேன்.

மோசிகீரனார் அயர்ந்து முரசு கட்டிலில் துயின்ற கதையை வாசகர் அறிவர். தண்டத்துக்குரிய அச்செயலைப் பொறுத்துச் சேரமான் பெருஞ்சேரலிரும்பொறை கவரி வீசி நின்றான். புலவர் பிழைத்தார், தமிழுக்கு ஒரு பாட்டும் கிடைத்தது. நாமும் முரசின்மேலேதான் துயில்கின்றோம். ஆயின் இங்கு வருபவன் கவரியோடு வருபவனல்லன்.